ஒழுங்கற்ற ஜெர்மன் வினைகளைக் குடும்பம் குடும்பமாகப் படித்தோம்

எந்த ஜெர்மன் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ஒழுங்கற்ற வினைச்சொற்கள், மூன்று பத்திகளில், அகர வரிசைப்படி. முதல் பத்தியில் வினையின் மூல வடிவம். இரண்டாவதில் கதை சொல்லும்போது வரும் இறந்தகாலம், அதற்கு 'ப்ரேட்டெரிட்டும்' என்று பெயர். மூன்றாவதில், துணைவினையோடு சேர்ந்து வரும் இன்னொரு இறந்தகாலமான பெர்ஃபெக்டுக்கு வேண்டிய வடிவம், பார்ட்டிட்ஸிப். பள்ளித் தேர்வில் இந்தப் பட்டியலைத் தொடாமல் ஒரு வினாத்தாள் வருவது அபூர்வம்.

அக்கா மகள் பள்ளியில் ஜெர்மன் எடுத்திருக்கிறாள். நானும் பள்ளியில் அந்த மொழியைப் படித்து, பிறகு விடாமல் வைத்துக்கொண்டவள். தேர்வு நெருங்கிய நேரத்தில் அவள் அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தி, தினமும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன். மறுநாள் எல்லாம் கலந்துபோயிடுது" என்றாள். நோட்டைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில், 'பி' எழுத்தில் தொடங்கும் வினைகள். உழைப்பில் குறையே இல்லை. அந்த வரிசைதான் அவளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

அந்த 'பி' பகுதியை மட்டும் கொஞ்சம் பாருங்கள். பெகின்னன், பைஸன், பீகன், பீட்டன், பிண்டன், பிட்டன், ப்ளைபன் என்று அடுத்தடுத்து நிற்கும். இவற்றின் இறந்தகாலம் முறையே பெகன், பிஸ், போக், போட், பண்ட், பாட், ப்ளீப். தொடக்க எழுத்து ஒன்றுதான், உள்ளே உயிரொலி ஆளுக்கு ஒரு பக்கம் போகிறது. ஒன்றைப் போலவே இருந்து வேறு மாதிரி மாறுகிறவற்றை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த மூளையும் குழம்பத்தான் செய்யும். அகர வரிசை தேடுவதற்கு நல்லது, படிப்பதற்கு ஆகாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். (ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி முழுசாக வராது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.)

முதல் வேலையாகப் பட்டியலை நகல் எடுத்து, வரி வரியாகக் கத்தரித்தோம். துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, ஒரே மாதிரி ஒலிப்பவற்றை ஒன்றாகக் குவிக்கச் சொன்னேன். இலக்கண விதி எதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஸிங்கன்–ஸங்–கெஸுங்கன் என்றாள். அப்புறம் ட்ரிங்கன்–ட்ரங்க்–கெட்ருங்கன். ஃபிண்டன்–ஃபண்ட்–கெஃபுண்டன். ஷ்ப்ரிங்கன்–ஷ்ப்ரங்–கெஷ்ப்ருங்கன். நாலாவது துண்டிலேயே அவள் குரலில் தாளம் வந்துவிட்டது. 'இ–அ–உ' என்று தானே ஒரு காகிதத்தில் எழுதி அந்தக் குவியலின் மேல் வைத்தாள்.

மற்றக் குவியல்களும் அப்படியே சேர்ந்தன. ப்ளைபன்–ப்ளீப்–கெப்ளீபன், ஷ்ரைபன்–ஷ்ரீப்–கெஷ்ரீபன், ஷ்டைகன்–ஷ்டீக்–கெஷ்டீகன் எல்லாம் 'ஐ–ஈ–ஈ'. அதன் நெருங்கிய சொந்தம் 'ஐ–இ–இ': ரைட்டன்–ரிட்–கெரிட்டன், ஷ்னைடன்–ஷ்னிட்–கெஷ்னிட்டன், க்ரைஃபன்–க்ரிஃப்–கெக்ரிஃபன். ஃப்ளீகன்–ஃப்ளோக்–கெஃப்ளோகன், பீட்டன்–போட்–கெபோட்டன், ஃபெர்லீரன்–ஃபெர்லோர்–ஃபெர்லோரன் என்று 'ஈ–ஓ–ஓ' ஒரு கூட்டம். ஃபாரன்–ஃபூர்–கெஃபாரன், ட்ராகன்–ட்ரூக்–கெட்ராகன் இரண்டும் 'ஆ–ஊ–ஆ'. ஷ்லாஃபன்–ஷ்லீஃப்–கெஷ்லாஃபன், ஃபல்லன்–ஃபீல்–கெஃபல்லன், ஹல்ட்டன்–ஹீல்ட்–கெஹல்ட்டன் ஆகியவை நடுவில் 'ஈ' வாங்கி, கடைசியில் பழையபடி 'அ'வுக்கோ 'ஆ'வுக்கோ திரும்புகிறவை. லௌஃபன்–லீஃப்–கெலௌஃபன், ரூஃபன்–ரீஃப்–கெரூஃபன் கூட இதே கட்சிதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும், நடுவில் மட்டும் 'ஈ'.

ஒரு இடத்தில் மட்டும் குறுக்கு வழி கிடையாது. கேபன்–காப்–கெகேபன், லேஸன்–லாஸ்–கெலேஸன், ஸேயன்–ஸா–கெஸேயன் ஒரு பக்கம். நேமன்–நாம்–கெனொம்மன், ஷ்ப்ரெஹன்–ஷ்ப்ராஹ்–கெஷ்ப்ரொஹன், ஹெல்ஃபன்–ஹல்ஃப்–கெஹொல்ஃபன் மறுபக்கம். இரண்டு கூட்டமும் பாதி வழி ஒன்றாக வந்து, மூன்றாவது வடிவத்தில் பிரிகின்றன. ஒன்று 'எ'வுக்குத் திரும்புகிறது, மற்றது 'ஒ'வுக்குப் போகிறது. எது எங்கே போகும் என்று உறுதியாகச் சொல்ல எளிய விதி இல்லை. அதனால் இந்த இரண்டு குவியலுக்கு மட்டும் மற்றதைவிட இரட்டிப்பு நேரம் ஒதுக்கினோம். படிக்கும் நேரத்தை எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு போட வேண்டியதில்லை. 'இ–அ–உ' ஒரு மாலையில் படிந்துவிடும், இது படியாது.

இந்த உயிரொலி மாற்றத்துக்கு ஔப்லௌட் என்று பெயர். உயிரொலி மாறும் வினைகளை 'வலிமையானவை' என்றும், வெறுமனே 'டெ' ஒட்டிக்கொள்பவற்றை 'மெலிந்தவை' என்றும் பிரித்துப் பெயர் வைத்தவர் யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர். அவர் பெரிய மொழியறிஞரும்கூட என்பது பலருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கலப்பினம் உண்டு. உயிரொலியும் மாறும், 'டெ'யும் ஒட்டும்: ப்ரிங்கன்–ப்ரஹ்ட்டெ–கெப்ரஹ்ட், டெங்கன்–டஹ்ட்டெ–கெடஹ்ட், கென்னன்–கன்ட்டெ–கெகன்ட், விஸ்ஸன்–வுஸ்ட்டெ–கெவுஸ்ட். இவை கைவிரல்களில் அடங்கிவிடும் அளவுதான். தனிக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும்.

"ஏன் சித்தி இப்படிப் படுத்துறாங்க? எல்லாத்துக்கும் 'டெ' போட்டா என்ன?" என்று கேட்டாள். நான் திருப்பிக் கேட்டேன்: "விழு என்றால் விழுந்தான், எழு என்றால் எழுந்தான். அப்போ அழு?" அழுதான் என்றாள், யோசிக்காமலே. தொழு? தொழுதான். அழுந்தான் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. காதுக்கு அது தப்பாகப் பட்டது, அவ்வளவுதான். நில் என்பது நின்றான் ஆவதையும், கேள் என்பது கேட்டான் ஆவதையும் நாம் பட்டியல் வைத்துப் படிக்கவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. வா, போ, தா என்று அன்றாடம் புழங்கும் வினைகள்தான் தமிழிலும் நேர்கோட்டில் நடக்காதவை. ஜெர்மனிலும் அதே கதை. இருப்பது, போவது, வருவது, நிற்பது, சாப்பிடுவது, பார்ப்பது எல்லாம் ஒழுங்கற்ற வினைகள். நாள்தோறும் வாயில் புரள்வதால்தான் பழைய வடிவம் தேயாமல் நிலைக்கிறது. அரிதாகப் பேசப்படுபவை மெல்ல 'டெ' பக்கம் சாய்ந்துவிடுகின்றன. பக்கன் என்ற வினைக்கு பூக் என்று ஒரு பழைய இறந்தகாலம் இருந்தது, இன்று பேசுகிறவர்கள் பக்டெ என்றே சொல்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு அவளுக்கு அந்தப் பட்டியல் மேல் இருந்த கோபம் குறைந்தது. படிக்கிற பொருள் மேல் கோபம் இருக்கும்வரை ஒன்றும் ஏறாது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நமக்குக் குறில், நெடில் சின்ன வயதிலேயே காதில் ஊறிய விஷயம். ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் பாதிச் சிக்கல் அதுதான். குறிலுக்குப் பின் ஒற்றை மெய்யொலி வந்தால் பெரும்பாலும் அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும், நெடிலுக்குப் பின் இரட்டிக்கக் கூடாது. நேமன் நெடில், நாம் நெடில், கெனொம்மன் குறில். அதனால் மூன்றாவதில் மட்டும் 'எம்' இரட்டிக்கிறது. கொம்மன் குறில், காம் நெடில், கெகொம்மன் மறுபடி குறில். எனவே நடுவில் ஒரே ஒரு 'எம்'. ரைட்டன் என்பதில் ஒரு 'டி', ரிட் என்பதில் இரண்டு. (தமிழில் எழுதும்போது இது தலைகீழாகத் தெரியும், அதை நம்பாதீர்கள்.) எஸ்ஸெட் (ß) என்ற எழுத்துக்கும் இதே கணக்குதான். நெடிலுக்கும் 'ஐ', 'ஔ' போன்ற கூட்டொலிக்கும் பின்னால் எஸ்ஸெட், குறிலுக்குப் பின்னால் இரட்டை எஸ். ஷ்லீஸன் என்றால் எஸ்ஸெட், ஷ்லொஸ் என்றால் இரட்டை எஸ். எஸ்ஸன் என்றால் இரட்டை எஸ், ஆஸ் என்றால் எஸ்ஸெட். 1996-இல் முடிவாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் இதை இப்படிச் சீராக்கியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் ஷ்லொஸ் எஸ்ஸெட்டோடு அச்சாகியிருக்கும். வீட்டில் பழைய இலக்கணப் புத்தகம் வைத்துப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், மதிப்பெண் போகும் இடம் இது. வாயால் சரியாகச் சொல்லப் பழகியவளுக்கு எழுதும்போது எழுத்து தானாக இரட்டித்தது. அதனால்தான் எழுதிப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிப் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பட்டியலில் மூன்று பத்திதான் இருக்கும் என்றாலும், நாங்கள் அட்டை போட்டபோது இன்னும் இரண்டு விஷயம் சேர்த்தோம். ஒன்று, நிகழ்காலத்தில் 'அவன்' என்ற இடத்துக்கு வரும் வடிவம். ஃபாரன் என்பது எர் ஃபேர்ட் ஆகும், நேமன் என்பது எர் நிம்ட், லேஸன் என்பது எர் லீஸ்ட். இந்த மாற்றம் 'நீ', 'அவன்', 'அவள்' ஆகிய இடங்களில் மட்டும் வரும், 'நான்' என்பதில் வராது. 'இ', 'ஐ', 'ஈ' ஒலியில் தொடங்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பெரும்பாலும் 'எ', 'அ', 'ஔ' ஒலி வினைகளைக் கவனித்தால் போதும். அங்கும் கேயன், ஷ்டேயன் மாறாது.

இரண்டாவது, பெர்ஃபெக்ட் காலத்தில் துணைவினை ஹாபனா, ஸைனா என்பது. கெஃபாரன் என்று தனியாக எழுதவே கூடாது, இஸ்ட் கெஃபாரன் என்று எழுத வேண்டும். கெஷ்ரீபன் என்று எழுதாமல் ஹட் கெஷ்ரீபன். (இஸ்ட் என்பது ஸைனின் 'அவன்' வடிவம், ஹட் என்பது ஹாபனுடையது.) இடம் விட்டு இடம் போவதும், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதும் ஸைன் கேட்கும். போவது, வருவது, பறப்பது, எழுந்திருப்பது, தூங்கிப்போவது, இறப்பது எல்லாம் அதில் அடங்கும். ப்ளைபன் (தங்குவது), ஸைன் (இருப்பது) இரண்டும் அசையாமல் இருந்தாலும் ஸைன்தான் வாங்கும். இந்த இரண்டைத் தேர்வில் கேட்காமல் விடமாட்டார்கள். துணைவினையைத் தனிப் பாடமாகப் பிறகு படிக்கலாம் என்று வைத்தால் ஒவ்வொரு வினையையும் இரண்டு தடவை படிக்க வேண்டிவரும். ஒரே மூச்சில் ஃபாரன், ஃபேர்ட், ஃபூர், இஸ்ட் கெஃபாரன் என்று சொல்லிப் பழகிவிட்டால் வேலை முடிந்தது.

இனி, யாரும் அதிகம் சொல்லித்தராத ஒன்று. பட்டியலை எல்லோரும் இடமிருந்து வலமாகத்தான் படிக்கிறோம். தேர்விலோ பாதிக் கேள்வி வலமிருந்து இடமாக வருகிறது. வாசிப்புப் பகுதியில் ஒரு வாக்கியம்: எர் பாட் ஸைனெ முட்டர் உம் ஹில்ஃபெ. அவள் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, பாட்டன்னு ஒரு வினையே இல்லையே" என்றாள். இருக்காதுதான். அது பிட்டன் என்ற வினையின் இறந்தகாலம், அவன் தன் அம்மாவிடம் உதவி கேட்டான் என்று பொருள். பிட்டன்–பாட்–கெபேட்டன் என்று அவளுக்கு ஒப்பிக்கத் தெரியும். பாட் என்பதைத் தனியாகப் பார்த்தபோது அதன் தாய்ச்சொல் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அட்டையைத் திருப்பிப் போட்டுப் படித்தோம். நான் நடு வடிவத்தை மட்டும் சொல்வேன், அவள் மூலத்தையும் பொருளையும் சொல்ல வேண்டும். லாக்? லீகன், கிடப்பது. லோக்? ல்யூகன், பொய் சொல்வது. லேக்டெ? லேகன், வைப்பது. போட்? பீட்டன், தர முன்வருவது. பேட்டெட்டெ? பேட்டன், கும்பிடுவது. இந்த இரண்டு மும்மூர்த்திக் கூட்டத்தையும், அதாவது லீகன்–லேகன்–ல்யூகன், பீட்டன்–பிட்டன்–பேட்டன் இரண்டையும், திருப்பிப் போட்டுப் படித்தால்தான் பிரித்தறிய முடிகிறது. நேராகப் படிக்கிறவரை அவை பளிச்சென்று தெரிந்த மாதிரியே இருக்கும்.

லீகன், லேகன் பற்றி இன்னும் கொஞ்சம். டாஸ் பூஹ் லாக் ஔஃப் டேம் டிஷ் என்றால் புத்தகம் மேசை மேல் கிடந்தது. இஹ் லேக்டெ டாஸ் பூஹ் ஔஃப் டேன் டிஷ் என்றால் நான் புத்தகத்தை மேசை மேல் வைத்தேன். தானாக இருப்பது வலிமையான வினை, நாம் செய்விப்பது 'டெ' வினை. உட்கார்ந்திருப்பதற்கும் உட்காரவைப்பதற்கும், நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் இதே இணைதான்: ஸிட்ஸன்–ஸாஸ், ஸெட்ஸன்–ஸெட்ஸ்டெ; ஷ்டேயன்–ஷ்டண்ட், ஷ்டெல்லன்–ஷ்டெல்ட்டெ. ஹெங்கன் என்ற வினை ஒரே உருவத்தில் இரண்டு வேலையும் செய்யும். படம் சுவரில் தொங்கியது என்றால் ஹிங், நான் தொங்கவிட்டேன் என்றால் ஹெங்டெ. சேர்ந்தேன், சேர்த்தேன் என்றும், மறைந்தது, மறைத்தேன் என்றும் பிரித்துப் பேசும் நமக்கு இது புதிதே இல்லை. தன்வினை, பிறவினை என்று தமிழ் வகுப்பில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவரலாம். அவளுக்கு இந்தப் பகுதி ஒரே தடவையில் விளங்கியது.

எப்போது திரும்பப் படிப்பது என்பதற்கு நாங்கள் பின்பற்றியது அட்டைப் பெட்டி முறை. செபாஸ்டியான் லைட்னர் 1972-இல் பரப்பியது. பெட்டியில் ஐந்து அறைகள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுக்க வேண்டும், பின் அறைகளைப் போகப் போக இடைவெளி விட்டு எடுத்தால் போதும். இதற்குச் செயலிகள் இப்போது நிறைய உண்டு. ஆனாலும் இந்த வேலைக்குக் கையால் எழுதிய அட்டையே மேல் என்பது என் கருத்து. எஸ்ஸெட்டையும் இரட்டை எழுத்தையும் கை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்திருக்கும் அல்லவா! ஒரே நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் முடிப்பதைவிட, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், தூங்கப்போகும் முன் கொஞ்சம் என்று பிரித்துப் படித்தது அவளுக்கு நன்றாகவே தங்கியது.

வடிவங்கள் ஓரளவு பிடிபட்டதும் தேவதைக் கதைகளுக்குப் போனோம். எஸ் வார் ஐன்மால், அதாவது 'ஒரு காலத்தில்', என்று தொடங்கும் கதைகளில் கதை நகரும் இடமெல்லாம் ப்ரேட்டெரிட்டும்தான். கிங், காம், ஸா, ஷ்ப்ராஹ், ரீஃப், நாம், ஆஸ் என்று வரிக்கு வரி வந்து விழும். இரண்டு பக்கம் வாசித்தாலே பட்டியலில் உள்ள முக்கியமான வினைகளில் பாதியைச் சந்தித்துவிடலாம். ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு இறந்தகால வினையின் மேலும் அதன் மூல வடிவத்தை எழுதச் சொன்னேன். அதன்பின் அதே கதையைத் தோழிக்குச் சொல்வதுபோல் பெர்ஃபெக்ட் காலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கேதான் காலத்தின் வேறுபாடும் புரிகிறது. எழுதும் கதைக்கு ப்ரேட்டெரிட்டும், பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் பெர்ஃபெக்ட். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பேச்சில் ப்ரேட்டெரிட்டும் மிக அரிது. ஆனாலும் வார், ஹட்டெ, கொன்ட்டெ, முஸ்ட்டெ போன்றவை ஜெர்மனியின் அன்றாடப் பேச்சில்கூட ப்ரேட்டெரிட்டுமாகவே வரும். கடிதம் எழுதும் கேள்வியில் இவற்றை வலிந்து பெர்ஃபெக்டாக மாற்ற வேண்டாம்.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விக்கு இரண்டு எச்சரிக்கை. 'நான்', 'அவன்' இரண்டுக்கும் வலிமையான வினையின் இறந்தகாலத்தில் விகுதி எதுவும் ஒட்டாது. இஹ் கிங், எர் கிங், அவ்வளவுதான். 'நீ' என்றால் கிங்ஸ்ட், 'நாங்கள்' என்றால் கிங்கன். கைப்பழக்கத்தில் ஒரு 'டி' சேர்த்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்று முன்னொட்டு. அன்ரூஃபன் போலப் பிரியும் வினையில் ரீஃப் தன் இடத்தில் நிற்கும், அன் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். பார்ட்டிட்ஸிப்பில் 'கெ' நடுவில் நுழைந்து அன்கெரூஃபன் ஆகும். ஃபெர், பெ, எர், என்ட், ட்ஸெர் போன்ற பிரியாத முன்னொட்டுகள் வந்தால் 'கெ'வே கிடையாது: ஃபெர்ஷ்டேயன்–ஃபெர்ஷ்டண்ட்–ஃபெர்ஷ்டண்டன். ஷ்டேயன் ஒன்றைப் படித்தவளுக்கு ஃபெர்ஷ்டேயன், பெஷ்டேயன், என்ட்ஷ்டேயன், ஔஃப்ஷ்டேயன் நான்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய வினை ஒன்று வினாத்தாளில் வந்தால் முதலில் முன்னொட்டைக் கையால் மறைத்துவிட்டு உள்ளே தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி இருக்கும்.

அவள் தேர்வை நல்லபடியாக முடித்தாள். இப்போது கொன்யுங்டீஃப், அதாவது 'வந்தால்', 'இருந்தால்' என்று கற்பனையாகச் சொல்லும் வினைவடிவம், நடத்துகிறார்களாம். அதன் வடிவம் அந்த இரண்டாம் பத்தியிலிருந்தே பிறக்கிறது. காம் என்பது கேமெ ஆகும், வார் என்பது வேரெ, ஃபண்ட் என்பது ஃபெண்டெ, கிங் என்பது கிங்கெ. அதனால் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.